முதலில் யாரைப் பார்ப்பாய்?

எண்பத்தைந்தாவது கேள்வியோடு
திரை அணைந்துபோனது.
என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு
இயந்திரம் வந்துவிட்டது.
நான்தான் இன்னும் வரவில்லை.

ஹெலினாவிலிருந்து பியூட்டுக்குக்
கணவாய் வழியாக அறுபத்தெட்டு மைல்.
முதல் தடவை பனி கொட்டியது,
ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளவே சரியாக இருந்தது,
அழ வாய்க்கவில்லை.
இந்த மூன்றாம் தடவை வானம்
கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் இருந்தது.
வண்டியை ஓரங்கட்டி
வேண்டிய மட்டும் அழுதேன்.
நிறுத்தியதோடு நிறுத்தியதாக
என்ஜின் எண்ணெயையும் பார்த்துவிட்டேன்.

ஏழு டாலர் தொண்ணூற்றைந்து சென்ட் கட்டினால்
இரண்டே நாளில் சொல்லிவிடுவார்கள்.
கட்டினேன்.
தோற்றதைச் சீக்கிரம் தெரிந்துகொள்ளவும்
ஒரு விலை.

ரோரி ஒன்றும் கேட்கவில்லை.
ஒன்பது வயது.
ஃப்ரிட்ஜில் நான் ஒட்டிய அட்டைகளை
நானே கிழிக்கப் போனபோது
"பொட்டாசியத்தை மட்டும் விடு,
அது எனக்குத் தெரியும்" என்றான்.

மறுபடி எழுத நாற்பத்தைந்து நாள் பொறுக்க வேண்டும்.
அதுவரை இரவுப் பணி, பழைய சம்பளம்,
பழைய பச்சைச் சட்டை.

பன்னிரண்டாம் அறையில் மிஸ்டர் பென்ஹாலோ.
நாற்பது வருடச் செம்புச் சுரங்கம்
நெஞ்சுக்குள் தூசியாக உட்கார்ந்திருக்கிறது.
"நர்ஸ்!" என்பார்.
நான் நர்ஸ் இல்லை, மிஸ்டர் பென்ஹாலோ,
உதவியாளர்.
"சரி, நர்ஸ்."
ஒரு இரவில் ஆறு தடவையாவது.
தேர்வு முடிவு வந்த வாரம் மட்டும்
நான் திருத்தவில்லை. களைப்பு.

நான்கு நோயாளிகள் என்று தொடங்கும் கேள்வி.
ஒருவருக்குக் காய்ச்சல்.
ஒருவர் வலியில் கத்துகிறார்.
ஒருவர் வீட்டுக்குப் போகிறேன் என்று
செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார்.
ஒருவர் அமைதியாக இருக்கிறார்.
முதலில் யாரைப் பார்ப்பாய்?
ஒவ்வொரு தடவையும்
கத்துகிறவரிடம்தான் போயிருக்கிறேன்.
எங்கள் வீட்டில் அப்படித்தான் பழக்கம்,
கத்தினால்தான் கவனிப்பு.

பத்தொன்பதாம் நாள், அதிகாலை மூன்று பத்து.
பதினொன்றில் மணி. பதினான்கில் மணி.
நடுவில் பன்னிரண்டு
கூப்பிடவே இல்லை.
கால்கள் பன்னிரண்டுக்குள் போயின,
நான் பின்னால் போனேன்.

உதட்டில் ஒரு ஈயச் சாயல்.
விரல் நுனியில் மாட்டினேன்: எண்பத்தைந்து.
அந்த எண் எனக்குப் பழக்கம்.
தலைப்பக்கத்தை உயர்த்தினேன், அது எனக்கு அனுமதி.
கோலீனைக் கூப்பிட்டேன், அதுவும் அனுமதி.
அவள் ஆக்சிஜனைத் திறந்தாள், மருந்து ஏற்றினாள்.
அதன் அளவும் தெரியும், வேகமும் தெரியும்,
என் கைகளை முதுகுக்குப் பின்னால்
கட்டிக்கொண்டு நின்றேன்.
எண்பத்தெட்டு. தொண்ணூறு. தொண்ணூற்றிரண்டு.
பதினான்காம் அறை இன்னும் அலறியது.
போனேன். ரிமோட் கட்டிலுக்கடியில் கிடந்தது.

காலை அறிக்கையில் ஒரு வரி:
'உதவியாளர் தெரிவித்தார்.'
பெயர் இல்லை.
இதனால் நீ தேறிவிட்டாய் என்று
யாரும் என்னிடம் சொல்ல வராதீர்கள்.
தேறவில்லை.
பென்ஹாலோவின் பக்கத்தில்
மருந்து ஏற்ற ஆள் வேண்டும்,
அது நானாக இருக்க வேண்டும்,
அதற்கு இன்னொரு இருநூறு டாலர் வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஃப்ரீசரைத் திறந்தேன்.
முதல் தடவைக்கு வாங்கிய கேக்
வேர்க்கடலை மூட்டைக்குப் பின்னால்
கல்லாகிக் கிடந்தது.
மேலே 'நர்ஸ் நோலா' என்று நீலக் க்ரீம்.
ரோரி கத்தியைச் சுடுதண்ணீரில் நனைத்தான்.
எழுத்தில் கத்தி இறங்கவில்லை,
ஓரத்திலிருந்து தின்றோம், பள்ளிக்கூட நாளில்,
காலை ஏழரைக்கு.

"அடுத்ததற்குச் சாக்லேட் வாங்கு" என்றான்.
இருபத்தாறு நாள் இருக்கிறது, பார்ப்போம்.
பொட்டாசியம் எவ்வளவு?
வாய் நிறையக் க்ரீமோடு
"மூன்றரையிலிருந்து ஐந்து."